ஊதுங்கம்மா

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சட்டையில் குத்தியிருந்த அட்டையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் 'ஊதுங்கம்மா'. மூன்றாவது மாடி நுரையீரல் பரிசோதனை அறையிலிருந்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று அவள் போடும் சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்கும். கத்தாவிட்டால் யாரும் முழு மூச்சையும் வெளியே விடுவதில்லை. நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில் தள்ளி, உள்ளே காற்று தீரும்வரை ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று பாய்ந்து வருகிறது என்பதில்தான் மூச்சுக்குழாய்களின் குட்டு வெளிப்படும்.

அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். வெளியே காத்திருப்பவர்கள் பார்த்துப் பழகிக்கொண்டால் தன் தொண்டை கொஞ்சம் பிழைக்கும் என்பது அவள் கணக்கு.

அன்று குழாயை வாயில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளுடைய மாமியார்.

சில மாதங்களாகவே அவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. இதயத்தை ஸ்கேன் செய்து, அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரகத்திலும் குறை இல்லை. மிச்சம் நுரையீரல். ஊதும் சோதனை சரியாக அமையாவிட்டால் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் கணவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அம்மா உன்கிட்டதான் வராங்க. கொஞ்சம் பாத்துக்க," என்று காலையில்கூடக் கெஞ்சியிருந்தான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரையில் வரிசையாக மெழுகுவத்திகள் எரிந்தன. குழந்தைகளுக்கு ஆசை காட்ட வைத்த படம் அது. ஊதும் வேகத்துக்கு ஏற்ப அவை அணைய வேண்டும். மாமியார் ஊதிய ஊதலில் முதல் சுடர்கூட அசையவில்லை. மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும் அதே கதை. பாதி மூச்சிலேயே அவர் நிறுத்திக்கொண்டார்.

"அத்தை, முழுசா விடணும்."

"அவ்வளவுதாம்மா வருது."

"வரலைன்னா வேற மாதிரி தெரியும். இது நீங்களா நிறுத்துறது."

வாசலில் தன் முறைக்காக நின்ற பஸ் டிரைவர் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "பெரியம்மா, ஹாரன் அடிக்கிற மாதிரி அடிங்க!"

எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. சொந்த மாமியாரையே ஊத வைக்க முடியவில்லை என்றால் என்ன ஊதுங்கம்மா?

"வீட்ல ஒரு டம்ளர் இடம் மாறினா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்த முடியுது. இங்க வந்து ஒரு மெழுகுவத்தி அணைக்க முடியலையா? யாரை ஏமாத்தறீங்க அத்தை?"

வெளியே சிரிப்பு அலை ஒன்று எழுந்தது. மாமியார் வாசலைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார். மூக்கில் கிளிப்பைத் தானே சரியாக மாட்டிக்கொண்டு, நெஞ்சு உயர இழுத்து, ஊதினார்.

மெழுகுவத்திகள் மொத்தமும் ஒரே வீச்சில் அணைந்தன. திரையில் கோடு செங்குத்தாக ஏறி, அழகாகச் சரிந்து இறங்கியது. டிரைவர் கைதட்டினார்.

"அப்படிப் போடுங்க! இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்று மேசையைத் தட்டினாள் அவள். "எந்திரிச்சு ஒரு நிமிஷம் காலை நீட்டுங்க. இன்னும் ரெண்டு தடவை ஊதணும்."

மாமியார் எழுந்திருக்கவில்லை.

"அத்தை?"

அவர் இரண்டு கைகளாலும் மடியில் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தார். கண்கள் தரையில் இருந்தன. "கதவைச் சாத்தும்மா," என்றார், உதடு மட்டும் அசைய.

அப்போதுதான் நாற்காலிக்குக் கீழே அவள் கண் போனது. தரை ஈரமாக இருந்தது.

கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் திரும்ப முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். அந்தக் கதவை முன்பே சாத்தியிருந்தால் என்ன என்ற ஒரே கேள்வி கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. வெளியே யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வார்டிலிருந்து மாற்றுத் துணியும், பிரசவ வார்டில் தரும் நாப்கின் பாக்கெட்டும் வாங்கி வந்தாள். தரையைத் தானே துடைத்தாள். குனிந்து துடைப்பது அந்த நேரத்தில் வசதியாக இருந்தது. முகத்தைக் காட்ட வேண்டாம்.

"எவ்வளவு நாளா அத்தை?"

"உன் புருஷன் பொறந்ததுலேருந்து. அவன் தலையைத்தான் பாத்திருக்கியே, பூசணிக்காய்!" என்ற மாமியார், குரல் தாழ்ந்து, "அப்போ தும்மினா மட்டும்தான். இப்போ இருமினா, சிரிச்சா, கொஞ்சம் வேகமா நடந்தாக்கூட... எங்கேன்னு போறது?" என்றார்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

நடைப்பயிற்சியை அவர் விட்டபோது, "உங்கம்மாவுக்கு உடம்பு வளைய மாட்டேங்குது," என்று கணவனிடம் சொன்னவள் அவள்தான். பேரப்பிள்ளைகள் டிவியில் எதையாவது பார்த்து உருண்டு சிரிக்கும்போது அவர் எழுந்து உள்ளே போய்விடுவதை, கொழுப்பு என்று நினைத்தவளும் அவள்தான். விடியும் முன்பே படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடுவதற்கு, 'சுத்தப் பைத்தியம்' என்று பட்டம் வேறு.

வீங்கிய கால்கள் அவள் முகத்துக்கு நேரே இருந்தன. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனியாக ஓர் இதயம் கிடையாது. கெண்டைக்கால் தசை அசைந்து பிழிந்து கொடுத்தால்தான் காலில் தேங்கும் நீர் மேலே ஏறும். படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியதுதான். ஒரே வீட்டில் ஒருவர் நடப்பதை விட்டு, தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, இருமலை அடக்கி, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நடை நின்றால் கால் வீங்காதா? நாலு படிக்கே மூச்சு வாங்காதா?

இவர் ஒருவர் மட்டுமா? இதே நாற்காலியில் பாதி மூச்சில் நிறுத்திக்கொண்ட எத்தனையோ பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். எல்லோரையும் பார்த்துக் கத்தியிருக்கிறாள். ரிப்போர்ட்டில் 'முயற்சி போதவில்லை' என்று எழுதியும் அனுப்பியிருக்கிறாள்.

"இதுக்குப் பயிற்சி இருக்கு அத்தை. டாக்டரம்மா இருக்காங்க, நானே கூட்டிட்டுப் போறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"உன்கிட்டயா?" என்றார் மாமியார். திட்டவில்லை. நிஜமாகவே வியந்து கேட்டார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"என்னை மன்னிச்சிடுங்க அத்தை."

"அதெல்லாம் அப்புறம். இன்னும் ரெண்டு ஊதணும்னியே, எனக்குத் தைரியம் இல்ல. இப்படி உயிர் போற மாதிரி ஊதச் சொல்றியே, நீ ஒரு தடவை ஊதிக் காட்டு, பாக்கறேன்."

புதுக் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து ஊதினாள். ஊரையே ஊத வைக்கிறவள் தானே ஊதி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மெழுகுவத்திகள் மளமளவென்று அணைந்தன. இன்னும், இன்னும் என்று அடிவயிற்றிலிருந்து தள்ளும்போது, அவளைக் கேட்காமலேயே அவளுடைய கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டன.

குழாயை எடுத்தபோது முகமெல்லாம் சூடாக இருந்தது. மாமியாரின் பார்வை அவள் முழங்காலில் இருந்தது.

"நீயும் ரெண்டு பெத்தவதானே," என்றார் அவர். பாக்கெட்டிலிருந்து இன்னொரு நாப்கினை எடுத்து, சத்தமில்லாமல் அவள் பக்கமாக மேசைமேல் வைத்தார். பிறகு மூக்கு கிளிப்பை மாட்டிக்கொண்டார். "சரி, ஆரம்பி. உன் சத்தம் இல்லாம எனக்கு ஊத வரல."

மீதி இரண்டும் நன்றாகவே அமைந்தன. மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. தொண்டைக்குள் குழாய் விடுகிற பேச்சுக்கு இனி வேலை இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

கதவைத் திறந்ததும் டிரைவர் சிரித்தபடி நிமிர்ந்தார். "என்ன ஊதுங்கம்மா, ஒருவழியா பெரியம்மாவை மடக்கிட்டீங்களா?"

தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். பின்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"அவங்க நடிக்கல," என்றாள் அவள், வரிசை முழுவதும் கேட்கும்படி. "எனக்குத்தான் தெரியல. எல்லார் முன்னாடியும் கத்தினது என் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. டிரைவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உள்ள போங்க தம்பி," என்றார் மாமியார். "கத்துவா. பயப்படாதீங்க."

அவர் மெல்ல நடந்து லிஃப்டைத் தாண்டி, படிக்கட்டின் பக்கம் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். டிரைவர் கிளிப் மாட்டி, குழாயைக் கவ்வி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

அவர் கண் பிதுங்கக் காத்திருந்தும், 'ஊதுங்க' என்ற அந்த ஒரு சொல் அவள் வாயில் உடனே வரவில்லை.