சதுப்பண்ணன் கொண்டுவந்த சீர்

சுகந்தி கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். சிமெண்ட் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துச் சாக்கில் போட்டாள். அவளுடைய ஒன்பது மாதக் குழந்தை கயல் தொட்டிக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. பழைய சேலையைக் கிழித்து ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறுமுனையைக் குழாயிலும் கட்டியிருந்தாள். குழந்தைக்கு எடை இல்லை. எடை அதன் தாய்மாமனிடம் இருந்தது.

கோரைமட்டம் ஊரில் பிள்ளைகளுக்கு எடையைத் தாய்மாமன்தான் சீராகக் கொண்டுவருவார். பிறந்த நாளிலிருந்து காதுகுத்து வரைக்கும் பிள்ளை அம்மாவின் எடையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காதில் துளை விழுந்ததும் அது கழன்றுவிடும். அந்த நேரத்தில் மாமன் தட்டில் கொண்டுவந்த எடையை எடுத்துப் பிள்ளைக்குள் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளை சாப்பிடச் சாப்பிட அது வளர்ந்துகொள்ளும்.

மாமன் என்றால் சதுப்பு. ஊருக்கு மேலே, இரண்டு புல்மலைக்கு நடுவில் அது இருக்கிறது. மழைக்காலத்தில் பாதை சரிந்துவிடும், கீழே இருக்கிற அண்ணன் தம்பிகள் ஏறி வர முடியாது என்பதால் அந்தக் காலத்தில் செய்துவைத்த ஏற்பாடு. தாலி கட்டிய அன்றைக்கே பெண்ணைக் கூட்டிப்போய் வலது காலைச் சேற்றில் வைக்கச் சொல்வார்கள். சேறு காலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு விடும். அதிலிருந்து அவள் அதற்குத் தங்கை. சுகந்தி கால் வைத்தபோது வெகுநேரம் பிடித்துவைத்திருந்தது. "உன்னை ரொம்பப் பிடிச்சிருக்குடி அண்ணனுக்கு" என்று எல்லாரும் சொன்னார்கள். அதை இப்போது நினைத்தால் அவளுக்குக் காது சூடாகிறது.

"இன்னிக்காவது போவியா, இல்ல இன்னிக்கும் கரையில நின்னு வேடிக்கை பார்த்துட்டு வருவியா?" என்று கேட்டாள் ராசாத்தி. ராசாத்தி அவளுடைய நாத்தனார், தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேரட்டின் தழையை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"போறேன் அண்ணி."

"போறேன் போறேன்னு ரெண்டு மாசம் ஆச்சு. கேரட்டுக்குக்கூட எடை இருக்கு, எங்க தம்பி பெத்ததுக்கு இல்ல. ஆடி பிறந்தா காத்து சும்மா இருக்குமா? புள்ளைய கேரளாவுல போயித்தான் தேடணும்."

ஆடிக்காற்றைவிடச் சுகந்திக்கு அங்கன்வாடித் தராசைத்தான் பயம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பிலோமினா டீச்சர் உத்தரத்தில் தராசை மாட்டிப் பிள்ளைகளை நிறுப்பார். தொடர்ந்து மூன்று மாதம் சுழி, அதாவது பூஜ்யம், வந்தால் அந்தப் பிள்ளை பிறக்கவில்லை என்று எழுதி, பதிவேட்டிலிருந்து பேரை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கயலுக்கு இரண்டு சுழி வந்துவிட்டது. போன மாதம் சுகந்தி குழந்தையின் ஜட்டிக்குள் ஆற்றுக்கல் நாலு வைத்துத் தைத்துக் கொண்டுபோனாள். டீச்சர் எல்லா அம்மாக்களுக்கும் முன்னால் தையலைப் பிரித்து, கல்லை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. "கொண்டுபோம்மா, அம்மிக்கு முட்டுக் கொடுக்க ஆகும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவள்தான், தண்ணீருக்குக்கூட மற்றவர்கள் பிடித்துப் போன பிறகுதான் போகிறாள்.

இன்றைக்கு மூன்றாவது மாதத்து முதல் திங்கட்கிழமை. பன்னிரண்டு மணிக்கு டீச்சர் தராசைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

சுகந்தி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். சேலைத்துணியைக் குழாயிலிருந்து அவிழ்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மேலே நடந்தாள். குழந்தை அவள் தலைக்கு மேலே கால்களை ஆட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். காதுகுத்துக்கு அவள் கூடப்பிறந்த அண்ணன் பாஸ்கரன் கீழேயிருந்து வந்தார். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் மனைவி கோகிலாவும் வந்தாள். காரில் வந்தார்கள். கோகிலா அண்ணி கட்டியிருந்த பட்டுச்சேலையின் கரை மட்டுமே ஒரு சாண் இருந்தது. அவள் முன்னால் சுகந்தி உட்காரவே கூச்சப்பட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

பத்து மணிக்குச் சதுப்பண்ணன் வந்தார். தவளைகள் முன்னால் மேளம் கொட்டிக்கொண்டு வந்தன. அவர் வந்த வழியெல்லாம் தரை இளகி, கோரை முளைத்து நின்றது. பின்னால் இரண்டு கடமான்கள் கொம்பில் சீர்த்தட்டுகளைத் தாங்கி வந்தன. ஒரு தட்டில் பாசி, ஒன்றில் காட்டுப்பூவரசம் பூ, ஒன்றில் தொட்டால் ஒட்டிக்கொள்கிற அழுகண்ணிச் செடி, இலை இலையாகச் சொட்டு நிற்க. கடைசித் தட்டில், ஈரப்பெரணி இலை போட்டு மூடி, குழந்தையின் எடை. அந்தத் தட்டைத் தூக்கிய மானுக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பந்தலில் வாடகை நாற்காலி போட்டார்கள். அண்ணன் உட்கார்ந்ததும் நாற்காலியின் நாலு காலும் அரையடி இறங்கின. கலர் சோடா கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தார்.

கோகிலா அண்ணி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அய்யே, யாரு சுகந்தி இது? என்ன இப்படி நசநசன்னு, பன்னிக்குட்டி படுத்தெழுந்த மாதிரி?"

சுகந்தி அண்ணியின் சேலைக்கரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"யாருமில்ல அண்ணி. பைப்பு உடைஞ்சிருக்கு."

சதுப்பண்ணனுக்கு அது கேட்டது. அவர் சண்டை போடவில்லை. கலர் கிளாஸைத் தரையில் சாயாமல் வைத்தார். எழுந்தார். தட்டுகளைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி மான்களைப் பார்த்தார். பந்தலைத் தாண்டும்போது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பாஸ்கரன் மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். குத்தி முடித்ததும் அது அவர் மடியிலிருந்து இரண்டு விரல்கடை எழும்பி நின்றது. சாப்பாட்டுக்கு முன்னால் பந்தல் துணியில் முட்டியது.

சதுப்பின் கரையில் சீகை மரங்கள் நின்றன. துரைமார் காலத்தில் நட்டவை. நாளெல்லாம் சதுப்பண்ணனின் தண்ணீரைக் குடித்து அவரை மெலிய வைத்துக்கொண்டிருந்தன. அவர் அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. சுகந்தி போன இரண்டு தடவையும் இந்த மரங்களுக்குப் பின்னால்தான் நின்றுவிட்டுத் திரும்பினாள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினாள்.

சதுப்பு பேசாது. வருகிறவர் செய்த தப்புக்குத் தகுந்த ஆழம் இறக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்தவர் கணுக்கால் வரை இறங்கினார். மாமியாருக்கு வைத்திருந்த மாத்திரையை மாட்டுக்குப் போட்டவள் முழங்கால் வரை. சுகந்தி நாலாவது அடியிலேயே இடுப்பு வரை போனாள். சேறு கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. சுற்றிலும் தவளைகள் கத்துவதை நிறுத்திவிட்டு, யார் என்று பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டன. மேலே பாறையில் நின்ற வரையாடுகள்கூட மேய்வதை விட்டுவிட்டுப் பார்த்தன. ஊரில் பார்த்தால் போதாதா, மலையெல்லாம் பார்க்கிறதே என்று அவளுக்கு இருந்தது.

சதுப்பில் விழுந்தது எதுவும் கெடாது. ஊரே இல்லாத காலத்து மரத்தின் இலை பச்சை மாறாமல் இருக்கிறது. எருமைக்கொம்பு இருக்கிறது. ஒரு துரையின் ஒற்றை பூட்ஸ், உள்ளே கால்சூட்டோடு இருக்கிறது. சுகந்தியின் காலில் ஏதோ வழவழவென்று பட்டது. குனிந்து எடுத்தாள். அவள் சொன்ன "யாருமில்ல" அங்கே கிடந்தது. நேற்றுச் சொன்னதுபோல இருந்தது. குரலில் இருந்த அந்தச் சின்னச் சிரிப்புகூட அழியவில்லை. அவள் அவசரமாக அதைத் திரும்பச் சேற்றுக்குள் அமுக்கினாள்.

"அண்ணே" என்றாள். "தப்புத்தான் அண்ணே. மன்னிச்சுக்கோங்க."

மார்பு வரை இறங்கினாள்.

கோரைக்கு நடுவில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்த கடமான் அருகில் வந்தது. காதுகுத்துக்குக் கடைசித் தட்டைத் தூக்கி வந்த அதே மான். கழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" என்றது. "அவருக்குத்தான் அவரு யாருன்னு தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லு."

சுகந்திக்குப் புரிந்தது. மார்பு வரை சேற்றில் நிற்பது கோகிலா அண்ணியிடம் அதைச் சொல்வதைவிடச் சுலபமாகத் தெரிந்தது. ரவிக்கைக்குள் வைத்திருந்த போனை எடுத்தாள். அந்த மலையில் சதுப்பின் நடுவில் மட்டும்தான் சிக்னல் நாலு கோடும் கிடைக்கும்.

"சொல்லு சுகந்தி" என்றாள் கோகிலா அண்ணி. பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. "என்ன, காத்து இப்படி அடிக்குது? எங்க இருக்க?"

"அண்ணன் வீட்டுல."

"உங்க அண்ணன் இங்க நைட் ஷிப்டு முடிச்சு, சாப்பிட்டுட்டுத் தூங்குறாரு. எந்த அண்ணன்?"

சுகந்தி வாயைத் திறந்தாள். மேலே குழந்தை தும்மியது. தும்மலின் வேகத்தில் சேலைத்துணி ஒரு இழு இழுத்து அவள் மணிக்கட்டை நெரித்தது. தூரத்தில் ஊர்ப்பக்கம் டீச்சர் மணி அடிப்பது கேட்டது.

"அண்ணி, அன்னிக்குப் பந்தல்ல நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்கல்ல. நீங்க யாருன்னு கேட்டீங்கல்ல. பைப்பு உடையல அண்ணி. அவருதான் எங்க அண்ணன். கயலுக்குத் தாய்மாமன். சீர் கொண்டுவந்தாரு. உங்க சேலையைப் பார்த்துட்டு வெட்கப்பட்டு யாருமில்லன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். முகமெல்லாம் எரிந்தது. அவள் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை.

மூடிய கண்ணுக்குள்ளேயே தான் மேலே வருவது தெரிந்தது. மார்பு, இடுப்பு, முழங்கால். கணுக்காலில் வந்து நின்றது. அதற்குமேல் வரவில்லை. அந்த அளவு தன்னோடு இருக்கட்டும் என்று அண்ணன் விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கடமான் போய், பெரணி மூடிய தட்டைக் கொம்பில் ஏந்தி வந்தது. இரண்டு மாதமாகியும் பெரணி வாடவில்லை. சதுப்பண்ணன் பெரணியை விலக்கி, எடையை எடுத்துக் குழந்தைக்குள் வைத்துவிட்டு மடியை விரித்தார். குழந்தை சேலைத்துணியோடு மெல்ல இறங்கி, பாசிமேல் உட்கார்ந்தது. பாசி அமுங்கி, குழந்தையைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. ஏழு கிலோ இருக்கும். கொஞ்சம் கூடவே வைத்திருந்தார். கயல் ஒரு அழுகண்ணிச் செடியைப் பிடித்து இழுத்து, விரல் ஒட்டிக்கொண்டதும் சிரித்தது.

தவளைகள் கத்தத் தொடங்கின.

"சுகந்தி" என்றாள் கோகிலா அண்ணி. குரல் தாழ்ந்துபோயிருந்தது. "வச்சிடாத. நானும் ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்குப் பின்னால சாயத்தண்ணி ஓடை ஒண்ணு போகும்ல?"

"ஆமா அண்ணி. சிவப்பா."

"அவரு எனக்குச் சித்தப்பா."

சுகந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்க கல்யாணத்துக்கு வந்தாரு. மண்டபத்து வாசல்லயே நிக்க வச்சு, இலைச்சோறு கொடுத்து அனுப்பிட்டேன். உங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. இப்ப நீ பேசினதையெல்லாம் ஜன்னல்ல நின்னு கேட்டுட்டாரு. உன்னோட அந்த அண்ணனைப் பார்க்கணும்கிறாரு. கொடுக்கட்டுமா?"

"கொடுங்க அண்ணி."

போனின் சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து சிவப்புத் தண்ணீர் வரத் தொடங்கியது. முதலில் சொட்டாக, பிறகு நூலாக. கொஞ்சம் சூடாக இருந்தது. சுகந்தி போனைத் தள்ளிப் பிடித்தாள். அது சதுப்பின் ஓரத்தில் விழுந்து, கோரையைச் சுற்றிக்கொண்டு, கூச்சத்தோடு ஒதுங்கி நின்றது. சதுப்பண்ணன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். வந்தவர் தன் மேலிருந்த நுரையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாதிதான் வந்திருந்தார்.

"ஏ சுகந்தி!" சீகை மரங்களுக்கு அப்பாலிருந்து பிலோமினா டீச்சரின் குரல் வந்தது. "பன்னிரண்டாகப் போகுது! பிள்ளையைக் கொண்டுவர்றியா, கழட்டட்டுமா?"

"இதோ டீச்சர்!"

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இடுப்பு ஒடிந்துவிடும்போல இருந்தது. போனை அணைத்தால் சித்தப்பா அங்கே பாதியும் இங்கே பாதியுமாக நின்றுவிடுவார் என்பதால், அணைக்காமல் ஒரு கோரைத்தூரில் சாய்த்து வைத்துவிட்டுக் கடமானிடம் சொன்னாள்: "அவரு முழுசா வந்து சேர்ந்ததும், இதோ இந்தச் சிவப்பு வட்டம் இருக்குல்ல, அதை உங்க மூக்காலயே ஒரு அமுக்கு அமுக்கிடுங்க."