ஒன்பது நாளில் நாலு பதிவு

அவள் எக்ஸ்ரே எடுப்பவள். பன்னிரண்டு வருஷமாக வலைப்பூ எழுதுகிறாள். நத்தை, குழாய் ஒழுகல், பழைய சொற்கள், ரயில் பயணம் என்று கைக்கு வந்ததெல்லாம் எழுதி, அறுநூறு பதிவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. "உங்க தளத்துல எதை எங்க தேடுறதுன்னே தெரியல" என்று ஒரு வாசகர் எழுதியது சுருக்கென்று தைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தாள்.

தலைப்பு வாரியாகப் பிரித்தாள், மாதவாரியாக அடுக்கினாள். மத்தியானம், வெளியிடாமல் கிடந்த வரைவுகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, படித்துப் பார்க்காமலே வெளியிடும் பட்டனைத் தட்டிவிட்டாள்.

அதில் ஒன்று, அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்த வாரம் ஆத்திரத்தில் எழுதியது. 'ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்த ஒன்பது நாளில் என் தம்பி வந்தது ஒரே ஒரு மணி நேரம்' என்று தொடங்கும். புதுப் பதிவு வந்தால் எல்லா வாசகருக்கும் மெயில் போகும். பஸ் ஓட்டும் தம்பியையும் அந்தப் பட்டியலில் அவளேதான் என்றோ சேர்த்திருந்தாள்.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"படிச்சேன்க்கா."

"டேய், தெரியாம போயிடுச்சுடா. அப்பவே எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தே? உண்மைதானே. லீவு போட்டா வேலையே போயிடும்னாங்க. போனாப் போகுதுன்னு வந்திருக்கணும். அந்த ஒன்பது நாள்ல நீ என்ன எழுதினேன்னும் பார்த்தேன். மாசவாரியா அடுக்கிட்டியே, உடனே கிடைச்சுது. நாலு பதிவு. அதுல ரெண்டு, நத்தையைப் பத்தி."

"அப்பா தூங்கும்போதுதான்டா எழுதினேன்."

"தூங்கலக்கா. நான் வந்தப்ப நீ காப்பி குடிக்கப் போயிருந்தே. 'அவ ஏதோ வேலையா இருக்கா, ஒரு வாய் தண்ணி கேக்கக்கூட கூச்சமா இருக்குடா, அதான் கண்ணை மூடிக்கிறேன்'னு சொன்னார். அஞ்சு வருஷமா இதை உன்கிட்ட சொல்லாமத்தான் இருந்தேன்."

போனை வைத்துவிட்டான்.

அவள் அந்த நத்தைப் பதிவுகளில் ஒன்றைத் திறந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலில் ஊர்ந்த நத்தை. அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்கள், என்ன பொறுமை!' அதற்கு இரண்டு வரி நன்றி வேறு சொல்லியிருந்தாள். அப்பா சாவதற்கு முந்தின நாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. அவர் டியூட்டிக்குப் போயிருக்கார், வர ரொம்ப லேட்டாகும்." சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

உள் அறையில் அவன் இருமுவது கேட்டது.

டீ வந்தது. ஆற ஆறக் குடித்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் அந்தக் கதவு திறக்கவில்லை. "நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லும்மா" என்று எழுந்தாள்.

"சொல்றேன் அண்ணி" என்றாள் அவள்.