ஞாயிற்றுக்கிழமைப் படம்

"எத்தன நாளைக்கு வைக்கணும் அண்ணாச்சி?" ஐஸ் பெட்டியின் வயரைச் சொருகிக்கொண்டே அய்யாக்குட்டி கேட்டார். பெட்டிக்குள் பிளாரன்ஸ் நீலச் சேலையில் படுத்திருந்தாள்.

"மவன் கப்பல்ல இருக்கான். அவன் வந்து ஒரு பிடி மண்ணு போடணும். நாலு நாள் ஆனாலும் ஆவட்டும்," என்றார் அவள் புருஷன் சிலுவை. பிறகு மகளிடம் திரும்பினார். "ஏளா ஜெப்ஸி, அண்ணனுக்குச் சொல்லிட்டியா?"

ஜெப்ஸி மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். "மெசேஜ் போட்டுருக்கேம்ப்பா."

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இவள் பொய் எட்டு மாதம் நடந்து வந்திருந்தது.

ஜெனிஸ் கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது அவளுக்குத்தான். அதற்கு முந்தின வாரம்தான் அம்மாவுக்குப் புற்று முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கண்மூடும்வரை மறைத்துவிடலாம் என்று நினைத்தாள். ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போடுகிறவள். அண்ணனின் நாற்பது பழைய படங்களைக் கொடுத்து அவன் முகத்தை ஏஐக்குப் பழக்கினாள். கப்பலில் பேச சிக்னல் போதாது, தனக்குப் படம் மட்டும்தான் வருகிறது என்று சொல்லி, ஞாயிறுதோறும் ஒன்றை அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். கப்பல் மேல்தளத்தில் ஜெனிஸ், பனியில் ஜெனிஸ், தட்டு நிறையச் சோற்றோடு ஜெனிஸ். அம்மா ஒவ்வொன்றையும் முத்தமிட்டாள். அம்மாவுக்குப் பின்னால் அப்பா என்று ஒருவர் இருப்பார் என்பதை அந்த மடச்சி யோசிக்கவே இல்லை.

அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கைதான் பழகியிருந்ததே. 'ஜெனிஸ், கறுப்புச் சட்டை, ஏர்போர்ட், அழுத முகம்' என்று தட்டினாள். அரை நிமிடத்தில் வந்துவிட்டான். ஃபிளைட் கிடைக்கவில்லை என்று இதைக் காட்டினால் அப்பா நாளைக்கே அடக்கத்துக்குச் சம்மதித்துவிடுவார். பிறகு? முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு படம், வருஷத்துக்கு ஒரு படம். படத்திலிருக்கிறவன் எந்தக் காலத்தில் மண்ணள்ளிப் போடுவான்?

வெளியே வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அண்ணன் வரமாட்டான்."

"லீவு குடுக்கலயா?"

"அவன் போயி எட்டு மாசமாச்சுப்பா. கடல்ல விழுந்துட்டான். அம்மைக்குத் தெரியக்கூடாதுன்னு... படமெல்லாம் நாந்தான் செஞ்சேன்."

பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் தன் போனை எடுத்து நீட்டினார்.

"இதுல எது என் மவன்?"

அவள் தள்ளிக்கொண்டே போனாள். சோறு, பனி, மேல்தளம், முப்பதுக்கு மேல் முகங்கள். எல்லாவற்றுக்கும் முந்தியதாக, ஜெனிஸே எடுத்து அனுப்பிய ஒன்று இருந்தது. கலங்கலான படம். பாதியை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதியில் ஒரு காதும் கொஞ்சம் சிரிப்பும் தெரிந்தன.

சிலுவை அதைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அய்யாக்குட்டி," என்றார் வாசலைப் பார்த்து, "நாளைக்கே எடுத்துருவோம்."

பிறகு அந்தப் படத்தோடு போனை ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல், மனைவியின் முகத்துக்கு நேரே கவிழ்த்து வைத்தார்.