ஐந்தாவது பாட்டின் நாற்பத்தாறு நொடிகள்

எங்கள் காரின் சிடி பெட்டி, நிறுத்திய இடத்தை மறக்காது. சாவியைத் திருப்பினால் விட்ட நொடியிலிருந்தே மறுபடி பாடும். அதனால்தான் விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. என் மனைவி ஜெபமலர் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து மூன்றரைக்குக் காரை வாசலில் விடுவாள். அதே காரில் நான் மாலை வேலைக்குப் போவேன். ஒன்பது வேலைநாட்களாகச் சிறு திரையில் ஐந்தாவது பாட்டுத்தான் நின்றது. அதுவும் எப்போதும் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடிக்கும் இரண்டு முப்பத்தெட்டுக்கும் நடுவில் எங்கேயாவது. சத்தம் முப்பத்தொன்றில் இருந்தது. நான் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை.

வீட்டிலிருந்து அவளுடைய வேலையிடத்துக்குப் பதினாறு நிமிடம். சிடியை அதன் பாட்டில் ஓட விட்டால் ஒரு நாள் இரண்டாவது பாட்டில் நிற்கும், இன்னொரு நாள் ஏழாவதில் நிற்கும். ஒன்பது நாளும் நாற்பத்தாறு நொடிக்குள்ளேயே நிற்கிறதென்றால், யாரோ அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஏன்?

சிடியின் உறையைக் கதவுப் பையிலிருந்து எடுத்தேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் இத்தாலியன், சிவப்புக் கவுனில் ஒருத்தி. இத்தாலியப் பொப் பாட்டுகளை ஒபரா பாடகியோடு சேர்த்துப் பாடிய ஆல்பம். உட்பக்கத்தில் நீல மையில் டேனிஷில் எழுதியிருந்தது: யேபாவுக்கு, ஐந்தாவதைக் கேள், கே.

வீட்டில் நான் மட்டுந்தான் அவளை ஜெபா என்று கூப்பிடுவேன்; டேனிஷ்காரர் வாயில் ஜெ, யே ஆகிவிடும்.

நாங்கள் ஞானஸ்நானம் எடுத்த வருடம், வீட்டிலிருந்த சினிமாப் பாட்டுக் கசெட்டுகளை நானே மூன்று பைகளில் கட்டி, நகரசபையின் குப்பை சேர்க்கும் இடத்தில் கொட்டினேன். ஜெபமலர் காரை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நான் டென்மார்க்கின் ஓல்போர்க் நகரச் சபையில் மூப்பர். சுகவீனமானவர்களின் தலையில் கை வைத்து ஜெபிப்பவர்களில் ஒருவன். என் காருக்குள்ளேயே ஒரு காதல் பாட்டு ஒளிந்திருக்கிறது, அதைக் கொடுத்தவனுக்கு ஓர் எழுத்துத்தான் பெயர்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது கிருபாமலர் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் எங்கள் சபைதான். ஜெபமலரோடு அதே இல்லத்தில் சமையலறையில் வேலை.

"அண்ணை, அக்கா காருக்குள்ள கச்சேரி வைக்கிறா போல. வேலைக்கு வந்தும் இறங்கிறேல்ல, வேலை முடிஞ்சு ஏறியும் போறேல்ல. கண்ணாடி அதிருது."

"ஜெபப் பாட்டாயிருக்கும்."

"ஓம் ஓம். இத்தாலிக்காரரும் ஜெபிக்கிறவைதானே." சிரித்துக்கொண்டே பிஸ்கட் எடுக்கப் போய்விட்டாள்.

சந்தேகம் வந்த பிறகு பழைய விஷயங்கள் எல்லாம் சாட்சி சொல்ல வந்தன. கொஞ்ச நாளாக ஜெபமலர் என் கதைக்குப் பதில் சொல்வதில்லை. சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வேறெங்கோ பார்ப்பாள். சபையில் போதகர் ஜெபித்து முடிக்கும்போது எல்லோருக்கும் பிறகுதான் ஆமென் சொல்வாள். மனம் இங்கே இல்லை என்று நினைத்தேன். அன்று மாலை அவள் சோபாவில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மெல்லக் கேட்டேன்:

"யாரப்பா அந்த கே?"

அவள் ஒரு துவாயை நாலாக மடித்து, ஓரங்களை நேராக்கி, மற்றதின் மேல் வைத்தாள். திரும்பவேயில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட ஏதாவது கேட்டிருக்கலாம்.

நான் ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். திங்கட்கிழமை இடைவேளையில் அந்த ஐந்தாவது பாட்டை எங்கள் அளவுக் கருவியில் போட்டுப் பார்த்தேன். முதல் பகுதி முழுக்க அந்த ஆண் பாடுகிறான், இல்லை, முணுமுணுக்கிறான். பொப் பாடகனுக்கு மைக் வாயருகிலேயே இருக்கிறது. பலம் தேவையில்லை, காதுக்குள் பேசுவதுபோலப் பாடினால் போதும். ஒன்று ஐம்பத்திரண்டில் அந்தப் பாடகி தொடங்குகிறாள். ஒபராக்காரிக்குப் பழக்கம் வேறு. அறுபது வாத்தியங்களைத் தாண்டி, மைக் இல்லாமல், கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். கத்தினால் தொண்டை போய்விடும். அதனால் குரலின் பலத்தையெல்லாம், வாத்தியங்கள் மெலிந்திருக்கும் இடத்தில், நொடிக்கு மூவாயிரம் அதிர்வுகள் அளவில் குவிக்கிறார்கள். திரையில் அந்த இடத்தில் ஒரு குன்று எழும்பி நின்றது. இரண்டு முப்பத்தெட்டில் அவன் திரும்ப வந்ததும் குன்று கரைந்து, கோடு இடது பக்கம் தாழ்ந்த ஒலிகளுக்குப் போனது.

ஆக, ஜெபமலருக்கு வேண்டியது பெண்ணின் குரல். ஆணின் குரலை வெட்டிவிடுகிறாள். அதுவரைதான் வந்தேன். காதலன் கொடுத்த பாட்டில் காதலனின் பகுதியை எவள் வெட்டுவாள்? படம் கையிலிருந்தும் எனக்கு விளங்கவில்லை. சந்தேகப்படுகிறவன் தான் தேடுவதை மட்டுந்தான் அளக்கிறான்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. அவளை வேலைக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். நாங்கள் இருப்பது நகரை இரண்டாகப் பிரிக்கும் நீரிணைக்கு வடக்கே; அவளுடைய இல்லம் தெற்கே. நீருக்கடியில் போகும் சுரங்கப்பாதையில் லொறிகளின் இரைச்சல் சுவரில் மோதித் திரும்பும். அதற்குள் நுழைந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இரைச்சலுக்கு மேலே கேட்டேன்:

"யாரப்பா அந்த கே?"

"கியஸ்டன்," என்றாள் உடனே. "என்னோட வேலை செய்யிற கிழவி. போன வருஷம் காதில ஒப்பரேஷன் செய்தவ. ஏன் கேக்கிறியள்?"

நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். சோபாவில் கேட்ட அதே மூன்று சொற்கள். வீட்டின் அமைதியில் கேட்காத சொற்கள் இந்த இரைச்சலில் கேட்டிருக்கின்றன.

"ஞாயிற்றுக்கிழமையும் கேட்டனான். நீர் திரும்பேல்ல."

"எப்ப?"

சுரங்கம் முடிந்தது. வெளிச்சம் வந்தது. அடுத்து நான் பேசியபோது அவள் என் வாயைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. இத்தனை நாளும் என் வாயைத்தான் பார்த்திருக்கிறாள்.

இல்லத்தின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"பொம்பிளையளின்ர குரல் கேக்குது. மணி கேக்குது," என்றாள். "ஆம்பிளையள் கதைச்சால் பஞ்சுக்குள்ளயிருந்து வாற மாதிரி. கியஸ்டனுக்கும் இப்பிடித்தான் தொடங்கினதாம். எது மிச்சமிருக்கெண்டு பாக்கச் சொல்லித் தந்தவ. இருந்தபடியே இருக்கோ, குறையுதோ எண்டு ஒவ்வொரு நாளும் போட்டுப் பாக்கிறன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குச் சொன்னால் சபைக்குச் சொன்ன மாதிரி. எல்லாரும் வந்து தலையில கை வைப்பியள். சுகம் வராட்டி, என்னட்ட என்ன பாவம் இருக்கெண்டு தேடுவியள். ராசமலருக்குத் தேடினதை நானும் பாத்தனான்."

ராசமலரின் தலையில் இருந்த கைகளில் ஒன்று என்னுடையது. அவளுக்குச் சர்க்கரை குறையாதபோது, வீட்டில் ஏதாவது விக்கிரகம் இருக்கிறதா என்று கேட்டவனும் நான்தான். அவள் இப்போது சபைக்கு வருவதில்லை.

"வெள்ளிக்கிழமை காது டொக்டரிட்ட நேரம் எடுத்திருக்கிறன்," என்றாள். "இண்டைக்குப் பின்னேரம் ஜெபக்கூட்டம். நீங்கள் வாய் திறக்கப்படாது."

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் அதை நம்பினாளா தெரியாது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவளை விட்டுவிட்டுத் தனியே திரும்பும்போது சுரங்கத்துக்குள் யோசித்தேன். தாழ்ந்த ஒலிகளைப் பிடிக்காத காதை இந்த இரைச்சல் தொந்தரவு செய்யாது, ஏனென்றால் அது பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான். ஆனால் இரைச்சலுக்குள் பேசுகிறவன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். நானும் உயர்த்தினேன். வீட்டில் இத்தனை நாளும் என்ன செய்தேன்? சந்தேகத்தில் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, அவளுக்கு எட்டாத இடத்திலேயே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

நாலு மணிக்கு அவள் பஸ்ஸில் வந்திறங்கி, சமையலறை மேசையில் வந்து இருந்தாள். ஆறரைக்கு ஜெபக்கூட்டம். போதகர் வழக்கம்போல, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று முதலில் என்னிடம்தான் கேட்பார். என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அதை அவளிடம் கேட்க வேண்டும். அடுப்பில் ஒன்றும் இல்லை. எழும்பிப் போய், அடுப்புக்கு மேலிருக்கும் புகை உறிஞ்சும் விசிறியை மூன்றில் போட்டேன். தகடு அதிர்ந்தது.

அவள் விசிறியைப் பார்த்தாள், பிறகு என்னை. "விசரே உங்களுக்கு?"

"இப்ப கேக்குதோ?"

"கேக்குது."

விசிறி ஒன்றில் என் குரல் உயர்வது போதாது, இரண்டில் சில சொற்கள் விழுந்துவிடுகின்றன. மூன்றில் போட்டு எதிரெதிரே இருந்தால் இருவரும் பேசலாம்.