ஞாயிற்றுக்கிழமை ஐரீன்

கல்மண்டபம் வட்டாரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் வானொலிப் பெட்டி என் வீட்டுக் கூடத்தில்தான் வந்து அமர்ந்தது. துறைமுகத்துக்குக் கித்தானும் தாம்புக் கயிறும் விற்கிற குடும்பம் நாங்கள். பழவேற்காட்டிலிருந்து என் பாட்டனார் கொண்டுவந்த தொழில். நல்ல பொருளை வாங்கி மூடி வைத்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கமில்லை. ஞாயிறு பிற்பகல் துப்பறியும் நாடகம் தொடங்கும் நேரத்துக்கு வாசல் கதவை அகலத் திறந்துவிடுவேன். தெருவின் ஆண்கள் வந்து பாயில் உட்காருவார்கள்.

பெட்டி சூடாகச் சற்று நேரம் பிடிக்கும். அதன் நெற்றியில் பச்சை விளக்கு ஒன்று, உறக்கம் கலைந்த பூனையின் கண்ணைப்போல மெல்லத் திறக்கும். முதலில் ஓர் இரைச்சல் வரும். அது பெட்டிக்குள்ளிருந்து வருகிறதா, தெருக்கோடியில் கிடக்கும் கடலிலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டர் செல்வநாதனின் பூட்ஸ் ஒலி கேட்கும். அவர் நடப்பது எங்கள் கூடத்துத் தரையில்தான் என்று தோன்றும்.

இழுவைக் கப்பல் தலைவன் ஒருவன் ஒரு மழைநாளில் காணாமல் போய்விட்டான். அவனுடைய சட்டை மட்டும் பாறைகளுக்கு நடுவே கிடைத்தது. சந்தேகம் அவன் மனைவி ஐரீன்மேல். வாரம் ஓர் அத்தியாயமாக இன்ஸ்பெக்டர் அவளை நெருங்கிக்கொண்டிருந்தார். கதை இவ்வளவுதான்.

முதல் வாரம் ஐரீன் வாய் திறந்தபோது, தாடியைத் தடவிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. அது என் தங்கை ரஹீமுன்னிசாவின் குரல்.

ரஹீமுன்னிசா சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களிடம் திரும்பி வந்தவள். மண்ணடியில் சிநேகிதி அஜீசாவின் வீட்டில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஞாயிறுதோறும் திரை போட்ட ஜட்கா வண்டியில் போய் வருவாள். நானும் நம்பியிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது, வண்டி போகும் இடம் வானொலி நிலையம். அந்த நாளில் நாடகத்தை அங்கே நின்று நேரடியாகவே பேசுவார்கள்.

எங்கள் வீட்டுப் பெண்களின் குரல் அன்றுவரை உள்கட்டுத் திரையைத் தாண்டியதில்லை. அதனாலேயே கூடத்தில் இருந்த வேறு யாருக்கும் அந்தக் குரலை அடையாளம் தெரியவில்லை. நான் காத்த கட்டுப்பாடே எனக்கு மறைவாகவும் அமைந்தது.

பெட்டியை மூடியிருக்கலாமே என்று கேட்கலாம். மூடினால் ஏன் என்று தெரு கேட்கும். என் மகள் சாபிராவை அத்தாவுல்லாவின் மகனுக்குப் பேசி முடித்திருந்தோம். பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். அத்தாவுல்லா என் கூடத்தில் சுவரோரம் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு நாடகம் கேட்பவர். நாடகத்தில் பேசுகிறவள் இருக்கும் வீட்டில் பெண் எடுக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால், அதைத் தவறு என்று சொல்ல என்னிடம் வார்த்தை இருந்திருக்காது. அவர் இடத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ரஹீமுன்னிசாவிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் ஐரீன் ஓரிடத்தில் சிரித்தாள். இன்ஸ்பெக்டரைக் கேலி செய்கிற சிரிப்பு. என் தங்கை அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அந்தச் சிரிப்பைப் போய் நிறுத்து என்று சொல்ல நா எழவில்லை.

அந்த மாதங்கள் தூக்கத்தில் நடப்பதுபோலக் கழிந்தன. கடையில் கித்தான் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஊதினால், காணாமல் போனவன் திரும்பிவிட்டானோ என்று எழுந்து பார்ப்பேன். வெயிலில் கயிறுகளின் தார் மணம் எழும். தொப்பி வைத்த எவனாவது சுங்கச் சுவரோரம் போனால் இன்ஸ்பெக்டர் செல்வநாதன் போகிறார் என்று மனம் சொல்லும். அந்தி சாய ரஹீமுன்னிசா திரும்பி வந்து, புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உலைக்கு அரிசி களைவாள். தாழ்ந்த குரலில், "காக்கா, சோறு இப்பவே ஆக்கவா?" என்பாள். எங்கள் பழவேற்காட்டு வழக்கில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும்தான் அழைப்போம். சற்று முன்பு பாறைகளின்மேல் நின்று அழுதவள் இவளா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கூடத்தில் தகராறு வலுத்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவு என்பவனுக்கு ஐரீன்மேல் இரக்கமே இல்லை.

"அவதான் பாய் புருசன தீர்த்துக் கட்டிகினா. கொரல்லயே தெர்தே!"

"சும்மா கெட அப்பாவு," என்றார் அத்தாவுல்லா. "பாவம், அய்துகினு கீறா."

"நைனா, அய்வுறவள நம்பாத. நம்பித்தான் நான் கல்யாணம் கட்டிகினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஐரீன் அப்படிப்பட்டவ இல்லே," என்றேன்.

"பாய்க்குக் கோவத்தப் பாரு! உங்களுக்கு இன்னா, அவ சொந்தமா?"

மறு வாரம் இன்ஸ்பெக்டர் ஐரீனைக் கைது செய்யப் போனார். மழை பெய்கிற ஓசை. கதவைத் தட்டினார். "வீட்டில் யாருமில்லையா? ஐயா இருக்காரா?" என்று கேட்டார். ஐரீன் பதில் சொல்ல வேண்டும். குரல் வரவில்லை. பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பிறகு மரத்தில் விரல் முட்டி படும் ஓசை கேட்டது. ஒரு தட்டு, சற்று இடைவெளி, பிறகு விரைவாக இரண்டு தட்டு.

வெளியாள் வந்து கூப்பிடும்போது வீட்டில் ஆண்கள் இல்லையென்றால், எங்கள் பெண்கள் வாயால் பதில் சொல்லமாட்டார்கள். கதவின் உட்புறம் தட்டுவார்கள். வீட்டுக்கு வீடு தட்டு வேறுபடும். ஒன்று விட்டு இரண்டு என்பது என் வீட்டுத் தட்டு. பால்காரனிலிருந்து அத்தாவுல்லா வரை அந்தத் தெருவில் அதைக் கேட்டுத் திரும்பிப் போகாத ஆள் இல்லை.

"அட, இது உங்க வூட்டுத் தட்டாச்சே பாய்!" என்று சிரித்தான் அப்பாவு. கூடச் சிரிக்க யாரும் இல்லாததைக் கண்டு அவனே நிறுத்திக்கொண்டான்.

எல்லார் பார்வையும் என்மேல் விழுந்தது. அத்தாவுல்லா பெட்டியைப் பார்த்தார், உள்கட்டுத் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த வீட்டு லியாகத் அலி எனக்கு உதவுவதாக நினைத்து வாயைத் திறந்தான். "எவளோ டிராமாக்காரி. எப்பனா பாய் வூட்டுல பாத்திரம் தேய்க்க வந்துருப்பா, கத்துகினு போயிருப்பா. அந்த மாதிரி கலீஜுங்களுக்கு வூடு ஏது, வாசல் ஏது?"

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். மகளின் நிக்காஹ் நிற்காது, வீட்டுப் பெயர் கெடாது. ஆனால் அந்தத் தலையசைப்பில் என் தங்கை வீடு வாசல் இல்லாதவள் ஆகிவிடுவாள்.

"அவ பாத்திரம் தேய்க்க வந்தவ இல்லே, லியாகத் அலி," என்றேன். "அவ ரஹீமுன்னிசா. எங்க வாப்பாவோட மவ. என் தங்கச்சி. அவளுக்கு வூடு இதுதான், வாசலும் இதுதான். கேக்கிறவங்க மரியாதையா உக்காந்து கேளுங்க."

லியாகத் அலி எழுந்து போனான். பெட்டிக்குள் இன்ஸ்பெக்டர் சமாளித்துக்கொண்டு, "உள்ளே யாரோ தட்டுகிறார்கள்," என்றார். ஐரீன் பேசத் தொடங்கினாள்.

அத்தாவுல்லா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். சட்டையின் மேல்பித்தானைப் போட்டார். மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அப்பாவு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான். குடும்பத்துப் பெண் ஒருத்தி எதிரே வரும்போது ஆண்கள் ஒதுங்கி நிற்பதுபோல, பெட்டிக்கும் பாய்க்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நாடகம் முடிந்ததும் அத்தாவுல்லா சலாம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த முகத்திலிருந்து எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

ரஹீமுன்னிசா வந்தாள். புர்காவைக் கழற்றவில்லை.

"கேட்டுட்டீங்களா காக்கா?"

"தெருவே கேட்டிச்சு."

"வூட்டுல யாரும் இல்லேன்னு வாயால சொல்லணும். அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க. கதவத் தட்டி ஆம்பளக் கொரலு ஐயா இருக்காரான்னு கேட்டதும் வாய் வரல்ல. கை போயிடிச்சு." அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "சாபிரா கல்யாணத்தக் கெடுத்துட்டேனா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் அத்தாவுல்லாவின் இருமல் கேட்டது. பின்னால் அவர் மனைவி ஜெரினா நின்றிருந்தாள். தங்கை திரைக்குப் பின்னால் போய்விட்டாள். நான் எழுந்து நிமிர்ந்து நின்றேன். சம்பந்தம் முறிவதானால் அதை நின்றுகொண்டே கேட்பேன்.

அத்தாவுல்லா தொண்டையைச் செருமினார். "சம்பந்தி... இவ ஒரே பேஜாரு பண்றா. புருசன கொன்னது அந்த ஐரீனா, வேற ஆளான்னு தெரிஞ்சாவணுமாம்."

திரைக்குப் பின்னாலிருந்து, என் வீட்டில் அதுவரை நடக்காத விதமாக, வெளியார் காதுபடப் பதில் வந்தது.

"சொல்லக் கூடாது லாத்தா. ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க."

"இன்னும் ரெண்டு வாரமா!" என்றாள் ஜெரினா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நிக்காஹ்வ எந்த நாள்ல வேணா வையுங்க. ஞாயித்துக்கெழம மட்டும் வாணாம்."