லிஃப்ட்டுக்கு வெளியே ஆறு மாடி

லிஃப்ட்டை மாற்றப் போகிறார்கள் என்று கட்டட மேலாளர் சொன்னபோது, பாவம், அதற்கும் வயதாகிவிட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தன் கதி என்ன என்ற நினைப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

ஒன்பது வருடங்களாக அந்த லிஃப்ட்டுக்குள் ஓர் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, இரும்புக் கதவை இழுத்து மூடி, கைப்பிடியைத் திருப்பி, ஆறு மாடிக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறாள். எல்லாருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்த வக்கீலுக்கும் அப்படித்தான்.

"புது லிஃப்ட்டுக்கு ஆள் தேவையில்லம்மா. பட்டனை அமுக்கினா அதுவா போகும்" என்றார் மேலாளர். கனத்த உடம்பு, உட்கார்ந்து பேசினாலே அவருக்கு மூச்சு முட்டும். "தபால் கொடுக்கிறவர் ரிட்டையர் ஆகிறார். அந்த வேலை இருக்கு. காலையில ஒரு சுத்து, மத்தியானம் ஒரு சுத்து. ஆனா புது லிஃப்ட் வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் படிதான்." கொஞ்சம் தயங்கினார். "உங்க உடம்பு எனக்குத் தெரியும். ஆறு வாரம் டைம் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க. முடியலைன்னா தப்பில்ல."

முடியலைன்னா தப்பில்ல. பன்னிரண்டு வருடங்களாக அவள் கேட்டுவரும் வாக்கியம் அது. அன்பாகச் சொல்லப்படுவது என்பதுதான் அதில் சிக்கல்.

வீட்டில் சொன்னாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"ஆறு மாடியா? விட்டுத் தள்ளு. நான் இல்லையா என்ன?"

"நீங்க இருக்கீங்க. நான் எங்க இருக்கேன்?"

சொன்ன பிறகுதான் அதன் கூர்மை அவளுக்கே உறைத்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்போல ஜன்னலைத் திறந்துவிட்டார். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கினாலும் ஜன்னலைத் திறப்பதுதான் அவர் வழக்கம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படியில் ஆஸ்துமா முற்றி அவள் மூச்சு நின்றே போனது. உதடு நீலம் பாரித்து, கண் செருகி, கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். பிழைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எழுதாத ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அவள் வாளி தூக்கக் கூடாது. அவள் படி ஏறக் கூடாது என்பதற்காகவே, வெளிச்சமான மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழ்த்தள வீடு ஒன்றுக்குக் குடிவந்தார்கள். வெளியே கிளம்பினால் பக்கத்துத் தெருவிலிருந்து நாத்தனார் வந்துவிடுவாள், ஒரு கையில் மடக்கு ஸ்டூலோடு. பத்தடிக்கு ஒருமுறை அதை விரிப்பாள்.

"உட்காருங்க அண்ணி. மகாராணிக்குச் சிம்மாசனம் தயார்."

அவளுக்கு லேசாக மூச்சு இரைத்தால் போதும். கணவர் ஜன்னலுக்கு ஓடுவார், நாத்தனார் இன்ஹேலரோடு நிற்பாள். அவளும் கேள்வி கேட்காமல் வாயைத் திறப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து முறை, சில நாள் எட்டு முறை. தினமும் காலையில் தவறாமல் இழுக்க வேண்டிய இன்னொரு இன்ஹேலரோ, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அலமாரியில் தூங்கியது.

லிஃப்ட்டுக்குள் மட்டும்தான் அவள் நோயாளி இல்லை. அங்கே மற்றவர்களைச் சுமப்பவள் அவள். அந்த வேலையும் போனால் மிச்சமிருப்பது ஜன்னலோரக் கட்டிலும், திறந்து மூடும் ஜன்னலும்தான். இதை யாரிடமும் சொல்லத் தெரியாமல், அடுத்த நாளே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அலமாரி இன்ஹேலரை முதலில் எழுப்பச் சொன்னார். பத்து நாள் கழித்து மூச்சுப் பயிற்சி அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். நெற்றியில் விழும் முடியை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டே பேசினாள். கையில் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து, "முழுசா இழுத்து, ஒரே மூச்சில ஊதுங்கக்கா" என்றாள். முள் முந்நூற்றுப் பத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கை காலை அசைத்துச் சூடேற்றிய பிறகு, ஒரு சாண் உயர மரப்படி ஒன்றைக் காட்டி, "ஆறு நிமிஷம், ஏறி இறங்குங்க" என்றாள்.

நாலாவது நிமிடத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. அவ்வளவுதான், மூலையிலிருந்த நாத்தனார் ஸ்டூலைத் தட்டிவிட்டுக்கொண்டு இன்ஹேலரோடு பாய்ந்து வந்தாள்.

"யாருங்க இது, தீயணைப்புப் படையா?" என்றாள் பிசியோதெரபிஸ்ட். "ஒரு நிமிஷம் பொறுங்க. அக்கா, நெஞ்சு இறுக்கிப் பிடிக்குதா? உள்ளே விசில் கேக்குதா? இருமல் வருதா?"

அவளுக்குத் திகைப்பாக இருந்தது. இதுவரை யாரும் இப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. உள்ளே காது கொடுத்துக் கேட்டாள். இதயம் தடதடவென்று அடித்தது. கால் நடுங்கியது. ஆனால் இறுக்கம்? இல்லை. விசில்? இல்லை.

"இப்ப ஊதுங்க."

முந்நூற்றுப் பதினைந்து. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னாள். முந்நூற்றைந்து.

"சிலருக்கு ஓடி முடிச்ச பிறகுதான் மூச்சுக்குழாய் சுருங்கும், அதான் காத்திருந்து பார்த்தேன். உங்களுக்குச் சுருங்கல."

"அப்ப இது என்ன?"

"மூச்சு வாங்குது. அவ்வளவுதான். படி ஏறினா எனக்கும் வாங்கும்." சொன்னதோடு நிற்காமல், அந்தப் பெண் தானே படியில் தொம் தொம்மென்று ஏறி இறங்கினாள். பிறகு அவள் எதிரில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெண்ணின் மூச்சைக் கேட்டாள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். காலை ஒன்பது இருபத்தைந்துக்கு, "அக்கா, அக்கா, நிறுத்துங்க!" என்று தெருவிலிருந்து ஓடிவந்து லிஃப்ட்டுக்குள் விழுகிறவர்களின் சத்தம். பல் மருத்துவமனைப் பெண்ணுக்கு அது மெல்லிய துண்டுகளாக வரும். மூத்த வக்கீலுக்கு ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஓர் உறுமல் உண்டு. பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவாள். ஒன்பது வருடங்களில் எத்தனை ஆயிரம் மூச்சிரைப்பு அவள் முதுகுக்குப் பின்னால் எழுந்து, மூன்றாவது மாடிக்குள் அடங்கியிருக்கும்! ஒருவருக்குக்கூட அவள் பயந்ததில்லை. தன்னுடையதும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"பன்னிரண்டு வருஷமா இதுக்கா பயந்தேன்?"

"அப்படிச் சொல்லாதீங்க. அன்னைக்கு வந்தது நிஜம். நாளைக்கும் வரலாம். வந்தா வெக்கப்படாம இன்ஹேலரை எடுங்க. ஆனா பயமும் நெஞ்சைப் பிடிக்கும்கா. எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கப் பழகணும், அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் நாத்தனார் ஸ்டூலை ஒருமுறைகூட விரிக்கவில்லை. பாதித் தூரம் வந்த பிறகு, "அப்ப நான் இத்தனை வருஷமா ஸ்டூலைத் தூக்கிட்டு அலைஞ்சது வீணா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

அவள் முன்னே நடந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கோபம்தான் இருந்தது. ஜன்னலைத் திறக்கும் கைமீது, விரியும் ஸ்டூல்மீது, தன் திறந்த வாய்மீது. இவர்கள் என்னை நேசித்தே சின்னவளாக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கோபத்தை நடந்து நடந்துதான் கரைத்தாள். தினமும் மாலை நாத்தனாரோடு பூங்காவைச் சுற்றி நடந்தாள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, கடைசியில் மறுபடி மெதுவாக. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவதுபோல நீளமாக மூச்சை விட்டாள். மூன்றாம் வாரம் பூங்காவின் பார்வைமேடைப் படிகளில் ஏறினாள். இதில் ஓர் அதிசயம்: அவளைவிட ஐந்து வயது இளைய நாத்தனாருக்குத்தான் முதலில் இரைத்தது.

"அண்ணி... நில்லுங்க... உயிர் போகுது."

"நெஞ்சு இறுக்குதா? விசில் கேக்குதா?"

"போங்க அண்ணி, நக்கலா?"

இருவரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அப்போதுதான் அவள் அன்றைய கேள்விக்குப் பதில் சொன்னாள். "வீணில்லடி. நீ தூக்கிட்டு வந்ததாலதான் நான் வெளிய வந்தேன். இல்லைன்னா வாசல்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூசி விழுந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

கணவரைப் பழக்குவதுதான் பெரும்பாடு. வீட்டுக்குள் அவள் பயிற்சி செய்யும்போது, எழுந்து ஓடாமலிருக்க அவர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தண்டனை பெற்ற பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அவர் உதடுகள் அவளோடு சேர்ந்து குவிந்து குவிந்து விரியும். அதைப் பார்த்த ஒரு மாலையில், மனசில் மிச்சமிருந்த கோபமும் இருந்த இடம் தெரியாமல் போனது. தோளில் சுமந்து ஓடிய மனிதர் இவர். அந்த ஓட்டத்தை இவர் இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் லிஃப்ட்டின் கதவில் பலகை அறைந்தார்கள். அவள் தபால் பையை மாட்டிக்கொண்டு, கீழே ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு ஏறத் தொடங்கினாள்.

அன்று கட்டடமே இரைத்துக்கொண்டிருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் ஒருவர் கைப்பிடிச்சுவரைப் பிடித்தபடி நின்றார். இரண்டாம் மாடியில் மூத்த வக்கீல் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"லிஃப்ட் அக்கா... இது அநியாயம்..."

"பேசாதீங்க சார். முதல்ல மூச்சை விடுங்க, அப்புறம் கேஸ் போடலாம்."

நாலாம் மாடிவரை ஒரு குறையும் இல்லை. இரைத்தது, நின்றாள், அடங்கியது, ஏறினாள். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் ஏறி இறங்கும் குழியின் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காய்ந்த இடிபாடுகளைப் பெருக்க, வெள்ளைத் தூசி படியெல்லாம் பரவியது. இரண்டு மூச்சுதான் உள்ளே போயிருக்கும். நெஞ்சைச் சுற்றி வார் கட்டி இழுத்ததுபோல இருந்தது. உள்ளே மெல்லிய விசில்.

இது அதுதான் என்று புரிந்தது. விநோதம் என்னவென்றால், தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல ஒரு தெளிவுதான் வந்தது. பயம் பின்னாலேயே வந்தது. ஆனால் முன்னால் வரவில்லை. பாதி மாடி கீழிறங்கி, காற்று வரும் திருப்பத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்ஹேலரை எடுத்தாள். ஒரு இழுப்பு, பொறுத்து இன்னொன்று. பிறகு குவித்த உதட்டால் நீளமாக, நீளமாக விட்டாள்.

மேலாளர் அப்போதுதான் ஏறி வந்தார். முகம் செக்கச்செவேல். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த போனை உயர்த்தினார்.

"ஐயோ... ஆம்புலன்ஸ்... கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் சார். மருந்து கேக்குது. கேக்கலைன்னா நானே சொல்றேன். உக்காருங்க, உங்களைப் பார்த்தாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

அவர் சொத்தென்று பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். அவருடையது அடங்குமுன் அவளுடையது அடங்கியது. விசில் போய்விட்டதா என்று நிதானமாகக் கேட்டுப் பார்த்தாள். போயிருந்தது.

"இதோட போதும்மா" என்றார் அவர் மெதுவாக. "முடியலைன்னா தப்பில்ல."

"முடியுது சார். தூசிதான் ஆகல. தண்ணி தெளிச்சுப் பெருக்கச் சொல்லுங்க. வேலை முடியற வரைக்கும் அஞ்சாம் மாடிக்காரங்க தபாலை நாலாம் மாடியிலேயே வந்து வாங்கிக்கட்டும். ஆறாம் மாடிக்குப் பின்பக்கப் படி இருக்கே, அதுல போறேன்."

தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு நேராக அவள் யாரிடமும் கேட்டதில்லை. மேலாளர் அவளையே பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்து, மேலே பார்த்துக் கத்தினார். "யாருப்பா அங்க? பெருக்கிறதை நிறுத்து! தண்ணி தெளி முதல்ல!" அவளிடம் திரும்பி, "நாளைக்கும் வருவீங்கல்ல?" என்றார், ஏதோ அவள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பதுபோல.

"வருவேன் சார்."

ஆறாம் மாடியில் கடைசி உறையைக் கொடுக்கும்போது இருபத்தைந்து நிமிடம் தாமதம். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. ஒன்பது வருடங்களாக இந்த மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்திருக்கிறாள். இறங்கி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கூரைகளும் துணிக்கொடிகளும் தெரிந்தன. எங்கோ ஒரு கூரையின் கீழ் அவள் கணவர் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பார், காது மட்டும் போனில் இருக்கும்.

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்க இருக்கே? மூச்சு வாங்குதா?"

"வாங்குச்சு. நடுவுல நிஜமாவே ஒண்ணு வந்துது. பஃப் எடுத்தேன், போயிடுச்சு. இப்ப ஆறாம் மாடியில நிக்கிறேன்."

மறுமுனையில் ஒரு நீளமான மூச்சு, டீயை ஆற்றுவதுபோல.

"அங்கேருந்து என்ன தெரியுது?" என்று கேட்டார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.