முள்ளுப்போட்டாம்பட்டி

வைகாசித் திங்களின் இளங்காலை. அடுக்கடுக்காய் எழுந்த கரும்பாறைக் குன்றுகளின் தோள்களில் இளவெயில் ஏறத் தொடங்க, அவற்றின் அடிவாரத்தே உழுது போட்ட செம்மண் கொல்லைகள் மழையை எதிர்நோக்கி வாய்பிளந்து கிடக்க, மாந்தோப்புகளில் காய்கள் கொத்துக்கொத்தாய்த் தொங்க, கிணற்று நீரை நம்பிய தக்காளித் தோட்டங்கள் மட்டும் ஆங்காங்கே பச்சை பிடித்து நிற்க, இவற்றையெல்லாம் சுற்றி வளைந்து செல்லும் ஒற்றைத் தார்ச்சாலையில், பாப்பாரப்பட்டியை விட்டுப் புறப்பட்ட பேருந்தொன்று பாலக்கோட்டை நோக்கி முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது.

அப்பேருந்தின் நடத்துநர் ராஜாமணிக்கு, வழியிலுள்ள ஊர்களுக்கு அரசு ஏடுகளில் என்ன பெயர் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அப்பெயர்களை அவர் நாவால் தீண்டியவரில்லை. வெயில் முதுகில் அடித்த பிறகே வாசல் தெளிக்கும் ஊர் அவருக்குப் பத்துமணிப்பட்டி. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன ஒற்றைச் செருப்புக்காக இரண்டு தெருக்கள் மூன்றாண்டு பேசாதிருந்த ஊர் ஒத்தச்செருப்பூர். அவ்வூராரும் இதற்கெல்லாம் சினங்கொள்வதில்லை. "செருப்பு கெடச்சிருச்சிங்களா?" என்று ராஜாமணி கேட்டால், "தேடிக்கிட்டுத்தான் இருக்கோம், நீங்க வேணா ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்குவர். அரசு இட்ட பெயர் ஊர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பக்கத்து ஊரார் இட்ட பெயரோ அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதைப் போட்டு உடைத்துவிடும். அதுவும் ஒருவகை அன்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், படிப்பவரே, சிரிக்கவே முடியாத பெயரொன்றும் அவ்வழியில் இருந்தது. பூத்துக் குலுங்கிய பெருமரமொன்றின் நிழலில் குடியேறிய முன்னோர் அருமையோடு இட்ட 'பூமரத்துப்பட்டி' என்னும் பெயர் பலகையோடு நின்றுவிட, "முள்ளுப்போட்டாம்பட்டி எறங்குங்க!" என்று ராஜாமணி கூவுங்காலை, அவ்வூரார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தலைகவிழ்ந்து மளமளவென்று இறங்கிப் போவர். அவர்களுள் கடைசியாக இறங்குபவர் மாதேஷ். நாற்பத்தைந்து அகவை; சொந்தக் கிணறு; தக்காளிப் பயிர். பாலக்கோட்டுச் சந்தையில் அவருடைய பெட்டிகள் இறங்கும்போதெல்லாம், "முள்ளுப்போட்டாம்பட்டித் தக்காளி வந்திருச்சிங்க, பாத்து எடுங்க, கையில குத்திக்கும்!" என்று எவனாவது எடுத்துவிட, சந்தையே கொல்லென்று சிரிக்கும். மாதேஷும் பல்லைக் காட்டி வைப்பார். சிரிப்பு அடங்குமுன் பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார். ஏனென்றால், அந்த முள்ளைப் போட்டவரே அவர்தாம்.

ஐந்தாண்டுக்கு முன், பெருந்தொற்று நாட்டை முடக்கிப் போட்ட அந்தச் சித்திரையில், பெங்களூரில் வேலையிழந்து கால்நடையாகவே ஊர் திரும்பியவர்களைக் கண்டு சிற்றூர்களெல்லாம் நடுங்கின. பூமரத்துப்பட்டியாரும் கூடி நின்று பேசினர். எல்லாரும் பேசிக்கொண்டே இருக்க, எழுந்து போய் வேலையைச் செய்தவர் மாதேஷ். தம் கொல்லை வரப்பில் மண்டியிருந்த இலந்தை முள்ளை அரிவாளால் வெட்டி, கவைக்கோலால் தள்ளிவந்து, சாலையின் குறுக்கே ஆளுயரத்துக்கு அடுக்கினார். "மாதேஷு இல்லன்னா நம்ம ஊரு என்னாவறது!" என்று அன்று அவரைப் புகழாதவரில்லை. நோய்க்கு அஞ்சிப் போட்ட முள்தான். ஆனாலும் தக்காளி வண்டி வந்தால் மட்டும் அது நாள்தோறும் ஒதுங்கி வழிவிட்டது. இதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தவரும் வாய்திறக்கவில்லை.

அந்த முள்ளுக்கு அப்பால் ஒரு நண்பகலில் மூவர் வந்து நின்றனர். ஊரைத் தாண்டி ஒரு கல் தொலைவிலிருக்கும் வேம்படிக் கொட்டாய் என்னும் குடியிருப்பைச் சேர்ந்த வீரமணி, அவன் மனைவி சசிகலா, கூட நடந்து வந்த உறவுக்காரி நஞ்சம்மாள். சசிகலாவுக்கு நிறைமாதம். ஊருக்குள் புகுந்து நடந்தால் அரைமணியில் வீடு. மலையடியைச் சுற்றினால் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

"சும்மா நடந்து போயிடறோங்க. எதையும் தொடமாட்டோம். குடிக்கக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க" என்றாள் சசிகலா.

மூக்கும் வாயும் மறையத் துண்டைக் கட்டியிருந்த மாதேஷ் அவள் வயிற்றைப் பார்த்தார். நெஞ்சு இளகிற்று. "இருங்க, கேட்டுட்டு இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குள் விரைந்தார். எதிரே வந்த ஊர்ப்பெரியவர் ஒருவர் செய்தி கேட்டு, "அவ்ளோ எரக்கம் இருந்தா உன் வூட்டுலயே வெச்சிக்க. அப்பறம் உன் வூட்டு வாசலுக்கும் முள்ளு வந்துரும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவ்வளவுதான். வேறொருவரும் அவரைத் தடுக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. மாதேஷ் நேரே தம் வீட்டுக்குப் போனார், கதவைத் தாழிட்டார், மின்விசிறியின் கீழே படுத்துக்கொண்டார். முள்ளுக்கு அப்பால், சொன்ன சொல்லை நம்பி மூவரும் உட்கார்ந்திருந்தனர்.

வெயில் தாழ்ந்தபின், அவருடைய தக்காளிப் பெட்டிகளை ஏற்றிய வண்டிக்காக முள் ஒதுங்கிற்று. அவ்வண்டியின் ஓட்டுநர், சாலையோரப் புளியமரத்தடியில் அப்போதுதான் பிறந்திருந்த குழந்தையின் அழுகையைக் கேட்டு நிறுத்தி, நூற்றெட்டு வண்டியை அழைத்து, அது வந்து தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளும்வரை உடனிருந்து, பிறகே பாலக்கோடு போய்ச் சேர்ந்தார். கண்டதைச் சந்தையில் சொன்னார். மறுநாள் பொழுது விடியுமுன் ஊருக்குப் புதுப்பெயர் பிறந்துவிட்டது.

அந்தப் பெயரை ஒழித்துக்கட்டுவதென்று இவ்வாண்டு ஊரார் கங்கணம் கட்டினர். சாலை முகப்பில் பெயர் பொறித்த வளைவொன்று எழுப்ப இசைவும், பேருந்துகளில் உரிய பெயரையே கூவ ஆணையும் வேண்டி ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். எழுதும் பொறுப்பு மாதேஷிடம் வந்தது. 'இழிபெயருக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி எங்கள் ஊரில் ஒருபோதும் நடந்ததில்லை' என்னும் வரியை, ஒருவரும் கேளாமலே, அவரே சேர்த்தார். அவர் மனைவி தீர்த்தம்மாள் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"முள்ளு வெட்டுன அருவா இன்னும் எறவாணத்துலதான் சொருவியிருக்குது. நடக்கலன்னு எழுதறதுக்கு முன்னால அதையாச்சும் எடுத்துத் தூரப் போட்டிருக்கலாம் நீங்க" என்றாள்.

அதே நிறுத்தத்தில் ஏறி இறங்கும் கொட்டாய்க்காரர்களும் கையொப்பமிட்டால் விண்ணப்பத்துக்கு வலுவிருக்கும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே மாதேஷ் வேம்படிக் கொட்டாய்க்கு நடந்தார். சசிகலா பெங்களூரில் இருப்பாள், அவள் கண்ணில் படாமல் வேலை முடிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அவளோ கடைசி வீட்டு வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சிறுமி முறத்திலிருந்து சிதறிய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவரைக் கண்டதும் சசிகலா எழுந்து உள்ளே போய், கேட்குமுன்னே ஒரு சொம்பு நீருடன் வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

மாதேஷ் சொம்பை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை. அன்று கட்டியிருந்த துண்டு இன்று இல்லாமையால் தம் முகமே அவருக்குப் பெருஞ்சுமையாய் இருந்தது. அவள் அவரை அடையாளங் காணவில்லை. விண்ணப்பத்தை வாங்கி எழுத்துக்கூட்டி மெல்லப் படித்தாள். அந்த வரி வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

"நடந்ததில்லன்னு எழுதியிருக்குதுங்களே" என்றாள்.

சசிகலா எழுந்து போய், நெகிழி உறையிலிருந்து மகளின் பிறப்புச் சான்றை எடுத்து வந்து காட்டினாள். பெயர் பூவிழி. பிறந்த இடம் பூமரத்துப்பட்டி.

"எந்த ஊருன்னு எழுதட்டும்னு ஆசுபத்திரியில கேட்டாங்க. பூமரத்துப்பட்டின்னேன். அங்கதானுங்களே பொறந்தா" என்று சொல்லிய அவள், எழுதுகோலுக்குக் கைநீட்டினாள்: "போவட்டும், குடுங்க, போட்டுத் தரேன். வர்ற மாசம் உங்க ஊரு பள்ளிக்கூடத்துலதான் இவளச் சேக்கப் போறேன். நாளைக்கு இவளையும் முள்ளுப்போட்டாம்பட்டியான்னு நாலு புள்ளைங்க கேலி பண்ணும். அது வேணாம்."

பார்த்தீர்களா? நடந்ததை நடக்கவில்லையென்று எழுதிய தாளில், அது யாருக்கு நடந்ததோ அவளே கையொப்பமிட்டாள். தாளைத் திருப்பித் தரும்போது கேட்டாள்:

"அன்னிக்கு ஒருத்தர் மட்டும் எரக்கப்பட்டு, இருங்க வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாருங்க. பாவம், மத்தவங்க அவர விட்டிருக்கமாட்டாங்க. இப்ப நல்லா இருக்கறாருங்களா?"

"இருக்கறாரு" என்றார் மாதேஷ். "நல்லா இருக்கறாரு."

நீரைக் குடிக்காமலே சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டார். வழிநெடுக அவருக்குத் தம் செருப்போசையே கேட்கப் பிடிக்கவில்லை. பக்கத்து ஊரார் இட்ட பெயர் அத்தனை நாளும் அவர் முதுகில்தான் குத்தியது. அவள் இட்ட 'எரக்கப்பட்ட ஒருத்தர்' என்னும் பெயரோ நெஞ்சிலேயே இறங்கிவிட்டது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமென்று இரண்டுமுறை நின்றார். இரண்டுமுறையும் கால் வீட்டுப்பக்கமே திரும்பிற்று. அன்றும் அப்படித்தானே திரும்பியது!

ஆடி முடிந்து ஆவணி பிறக்க, கேழ்வரகு முளைத்துக் கொல்லைகள் பசுமை போர்த்தபோது, சாலை முகப்பில் வளைவு எழுந்தது, ஆணையும் வந்தது. ஊரார் மாதேஷின் தோளில் சாமந்தி மாலை போட்டனர். அதன் நெடி போகவேயில்லை என்று தீர்த்தம்மாளிடம் சொல்லி அவர் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. மூன்றாம் நாள், பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து திரும்பும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகே, முன்னிருக்கையில் சசிகலாவும் பூவிழியும் இருப்பதைக் கண்டார்.

"பூமரத்துப்பட்டியெல்லாம் சீட்டு வாங்குங்க" என்றார் ராஜாமணி, புதுச்செருப்புப் போட்டு நடப்பவர்போல் அப்பெயரைப் பார்த்துப் பார்த்து ஊன்றி.

மாதேஷ் எழுந்து நின்றார். சில்லறையை நீட்டினார்.

"முள்ளுப்போட்டாம்பட்டி ஒண்ணு குடுங்க."

பேருந்து முழுதும் சிரித்தது. "என்னங்க, நீங்களே இப்பிடிச் சொல்றீங்க! நீங்க எழுதிப் போட்டுத்தான் எங்களுக்கு மேலேருந்து திட்டு வந்துச்சி. அந்தப் பேர நான் சொன்னா என் வேல போயிருமுங்க" என்றார் ராஜாமணி.

"நீங்க சொல்ல வேணாம், நான் சொல்லிக்கறேன். முள்ள வெட்டிப் போட்டது நாந்தான்." சிரிப்பு நின்றது. மாதேஷ் முன்னிருக்கைப் பக்கம் திரும்பினார். "அம்மா, அன்னிக்கு இருங்க வந்துடறேன்னு சொன்னதும் நாந்தான். என்னை யாரும் புடிச்சி நிறுத்தல. நானாத்தான் வூட்டுக்குப் போயித் தாப்பாளப் போட்டுக்கிட்டேன். நடக்கலன்னு எழுதி உங்ககிட்டயே கையெழுத்தும் வாங்கினேன்."

சசிகலா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சினமும் இல்லை, கண்ணீரும் இல்லை. இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக் காத்த ஒரு நல்லவரை அக்கணமே இழந்துவிட்டவளின் பார்வை அது.

"உங்களுக்காகத்தாங்க ஒக்காந்திருந்தோம்" என்றாள். "அப்பவே முடியாதுன்னு சொல்லியிருந்தா, சுத்திக்கிட்டுப் போயிருப்போம். வூட்டுலயே பொறந்திருப்பா."

மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வளைவு வந்தது. பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்த்த பூவிழி, "அம்மா, நான் பொறந்த ஊரு!" என்று கைதட்டினாள். சசிகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்; திரும்பிப் பார்க்கவில்லை. மாதேஷ் எல்லாரும் இறங்கிய பிறகு இறங்கி, வளைவின் கீழ் நுழையாமல் அதைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்.

இப்போது அவ்வழியில் அந்த இழிபெயரைச் சொல்வாரில்லை. சந்தையிலும் கேலி தணிந்துவிட்டது. பூவிழியை எந்தப் பிள்ளையும் பழித்ததில்லை. ஆணைக்கு அஞ்சி நடத்துநர் மறந்தார். காலம் போகப் போக மற்றவரும் மறந்தனர். மறக்க இசையாதவர் ஒருவரே. பூமரத்துப்பட்டி என்று சொல்ல அவருக்கு நா எழுவதில்லை. அந்தப் பெயருக்கு உரியவள் முதல் வகுப்பில் படிக்கிறாள் என்பார். ஊர்தோறும் பெயர்ப்பலகையை அரசு நடலாம், வளைவை ஊர் எழுப்பலாம். தன் பங்கைத் தானே சுமப்பதற்கு மட்டும் எவருடைய கையொப்பமும் உதவுவதில்லை. மாதேஷ் பேருந்தில் ஏறும் நாளெல்லாம் பழைய பெயரையே சொல்லிச் சீட்டுக் கேட்கிறார். ராஜாமணியும் கிழித்துக் கொடுக்கிறார்.